உங்கள் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா?

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் கைகால்களும் சுகம். நீ, உன் வீட்டுக்காரி, என் பாப்பா, மாப்பிள்ளை எல்லாரும் அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உனக்குப் பதவி உயர்வு கிடைத்திருப்பதாகப் பாப்பா எழுதியிருந்தாள். ஸ்டோரில் மண்வெட்டி எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு மேசையும் நாற்காலியுமா? உன் தோட்டக் கம்பெனிக்கு ஏதோ கெட்ட நேரம். என்ன வேலை என்று கேட்டால், 'எங்கேயும் யாரையும் அடிமையா வெச்சு வேலை வாங்காம மாமா பார்த்துக்கணுமாம்' என்று எழுதுகிறாள். பன்னிரண்டு வயது வரைக்கும் உன் பள்ளிச் சட்டையை என்னைத் துவைக்க வைத்தவன் நீ. திருடன் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே எனக்கு நாற்றுத் தட்டு வேலை. ஒரு தட்டில் எழுபத்திரண்டு குழி. தென்னைநார்த் தூளை நிரப்பி, ஆள்காட்டி விரலை முதல் ரேகை வரை அழுத்தி, ஒரு விதை போட்டு மூட வேண்டும். விதை பெரிதானால் இரண்டாம் ரேகை. என் விரல்தான் இந்தப் பண்ணைக்கு அளவுகோல் என்று வைத்துக்கொள். நாள் முழுக்க ஈரத்திலேயே இருப்பதால் அந்த விரலின் நகம் மட்டும் விடைபெற்றுக்கொண்டது. நாற்பத்திமூன்று பெண்கள் இருக்கிறோம். எல்லாரும் நம் பாஷைதான். என் பக்கத்துக் கட்டில்காரி ஒரு உயரக்காரி. கட்டிலுக்கு வெளியே முழங்காலை நீட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

போன் இங்கே கிடையாது. ஏன் என்று ஸ்டோர் பார்க்கும் சாவிக்காரரிடம் கேட்டேன். 'கவனம் சிதறும்மா' என்றார். யாருடைய கவனம், செடியுடையதா என்று கேட்க நினைத்தேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன வாரம் தொட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். பார்த்தால் பச்சைக் குருவி. உன் சட்டைப் பையில் இருக்கும் அதே குருவி. 'எங்க தம்பி கம்பெனிடி' என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

பாப்பாவுக்குச் செப்டம்பரில் என்று டாக்டர் சொன்னாராமே. என் ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. அப்பன் இல்லாத பெண். நானும் பக்கத்தில் இல்லாமல் அவளைப் பிரசவ அறைக்குள் அனுப்ப மாட்டேன். வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்.

உன் அன்பு அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். பாப்பாவுக்கு வாந்தி நின்றுவிட்டது, இப்போது வாய் நிற்பதில்லை. உன் நகத்துக்கு மருந்து போட்டாயா?

நீ கேலி செய்தாலும் சரி, இது பெரிய வேலை அக்கா. நாங்கள் ஆஸ்பத்திரி, அலுவலகம், அடுக்குமாடி என்று நூறு இடங்களுக்குத் தோட்டம் போட்டுத் தருகிறோம். இப்போது அவர்கள் எல்லாரும் ஒரு உறுதிமொழி கேட்கிறார்கள். இந்தப் புல்லைப் பதித்தவர்கள், செடியை வளர்த்தவர்கள், கல்லை உடைத்தவர்கள் யாரும் கட்டாயத்தால் வேலை செய்யவில்லை என்று வருஷத்துக்கு ஒருமுறை அச்சடித்துத் தர வேண்டும். அதற்கு எங்களுக்குச் சரக்கு தரும் ஒவ்வொரு இடத்திலும் ஆட்களிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்கப் போகிறோம்.

உன் குருவிச் செய்தியைப் படித்ததும் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். உன் பண்ணை பதினொன்றாவது பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் தினமும் தண்ணீர் ஊற்றுகிற வரவேற்பறைச் செடி உன் விரல் பட்டதாக இருக்கலாம்.

கேள்வித்தாளைத் தமிழில் எழுதும் பொறுப்பு எனக்கு. ஏழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். 'உங்கள் அடையாள ஆவணங்கள் உங்கள் வசம் உள்ளனவா?' என்று எழுதியிருக்கிறேன். பாஸ்போர்ட், வேலை அனுமதி, ஒப்பந்தம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். உங்களுக்குப் புரியுமா, எப்படிக் கேட்டால் நன்றாயிருக்கும் என்று எழுது.

அப்புறம், அங்கே உனக்கு ஏதாவது குறை உண்டா? இருந்தால் கூச்சப்படாமல் சொல். இனிமேல் அதைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உன் தம்பி

---

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். உன் வீட்டில் எல்லாரும் நலமா? பாப்பாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்.

உன் கேள்வியை உயரக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். 'உங்க தம்பி செத்துப்போன பாஷையில எழுதுறாரு' என்றாள். ஆவணமாவது கோவணமாவது. வசம் உள்ளனவா என்று கேட்டால் வசம்பு இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். பத்திரம் என்று போடு. 'உங்க பத்திரம் பத்திரமா இருக்கா' என்று கேட்டால் பச்சைக் குழந்தைக்கும் புரியும், சிரிப்பும் வரும். ஆனால் ————————————————————————————

இந்தக் கடிதங்களைச் சாவிக்காரரே தபாலில் சேர்த்துவிடுகிறார். உறை ஒட்டும் சிரமம்கூட எங்களுக்கு வைப்பதில்லை, திறந்தபடி கொடுத்தால் அவரே ஒட்டிக்கொள்வார். அவ்வளவு அக்கறை.

புதினாப் பூவில் நீலம் உண்டு என்று உனக்குத் தெரியுமா? எனக்கு இங்கே வந்துதான் தெரியும். வேறு செய்தி இல்லை.

உன் அன்பு அக்கா

---

ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலத்தைப் பற்றி நீ ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதால் நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

உன் யோசனையை அப்படியே போட்டுவிட்டேன். 'உங்கள் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா? ஆம் / இல்லை.' மேலாளர் அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வாசித்துக் காட்டி விளக்கினேன். ஒரே சொல் இரண்டு தடவை வருவது அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். 'உங்களுக்கு எழுத்து வருது' என்றார். அக்காவுக்கு வருகிறது என்று நான் சொல்லவில்லை. அந்தத் துரோகத்தை மன்னித்துவிடு.

மே மாதம் உன் பண்ணைக்குச் சோதனையாளர் வருவார். கேள்வித்தாள் எல்லார் கையிலும் கொடுக்கப்படும். பெயர் எழுத வேண்டாம், பயமில்லாமல் நிரப்பலாம்.

உன் கடிதத்தில் 'ஆனால்' என்று தொடங்கி ஒரு வரி முழுக்கக் கறுப்பு மையால் அடித்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. நீ எழுதியதை அடிக்கிறவள் இல்லையே. பரீட்சையில் தப்பான விடையைக்கூட அடிக்காமல் விட்டவள். என்ன எழுதினாய்? குறை உண்டா என்று கேட்டதற்கும் பதில் காணோம்.

பாப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் தம்பி

---

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவுக்குச் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் சோதனையாளர் வந்தார். நல்ல மனிதர், வெயில் தாங்காமல் நிழல்வலைக்கு உள்ளேயே நின்றார். அவருக்கு நம் பாஷை தெரியாததால் சாவிக்காரரே மொழிபெயர்த்தார். தாளை விநியோகித்ததும் அவரே, பேனா கொடுத்ததும் அவரே, எழுதத் தெரியாதவர்களுக்கு வட்டம் போட்டுக் கொடுத்ததும் அவரே. ஒரு மனிதர் எத்தனை வேலைதான் செய்வார் சொல்.

ஏழாவது கேள்வி வந்ததும் உயரக்காரி என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். எல்லாரும் ஆம் போட்டோம். உண்மையைத்தானே போட வேண்டும்.

ஆகஸ்டில் கிளம்புவது பற்றிச் சாவிக்காரரிடம் கேட்டேன். 'பார்க்கலாம்' என்றார்.

உன் அன்பு அக்கா

---

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதங்கள் கொசுவாக இளைத்துக்கொண்டே போகின்றன. வேலை அதிகமா?

உன் பண்ணைக்கு முழு மதிப்பெண். நாற்பத்திமூன்று பேரில் நாற்பத்திமூன்று பேரும் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். எங்கள் பட்டியலில் வேறு எந்த இடமும் இப்படி வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு மறுசோதனை வேண்டாம் என்று சான்றிதழ் அனுப்பிவிட்டோம். மேலாளர் அம்மா கூட்டத்தில் உன் பண்ணையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. வயிற்றில் உதைப்பதை என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுகிறாள். 'அம்மா எந்தத் தேதி வர்றாங்க மாமா' என்று நாளுக்கு நாலு தடவை கேட்கிறாள். டிக்கெட்டை நான் எடுத்துவிடுகிறேன். உன் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை நகல் எடுத்து அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு.

உன் தம்பி

---

ஜூன் 28

தம்பி,

நலம் விசாரிக்க இதில் இடம் இல்லை. தொட்டி ஏற்றிப் போகும் லாரிக்காரர் இதைத் தபாலில் சேர்ப்பார். நல்ல மனிதர். எழுதும்போது உயரக்காரி வாசலில் நிற்கிறாள். அவள் நின்றால் பின்னால் ஒன்றும் தெரியாது.

பாஸ்போர்ட் நகல் கேட்டாய். அசல் என்னிடம் இருந்தால்தானே நகல். வந்த அன்றைக்கே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அனுமதியையும் ஒப்பந்தத்தையும் போனையும் வாங்கி ஸ்டோரில் இருக்கும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 'தொலைச்சிடுவீங்கம்மா, நாங்க பத்திரமா வெச்சிருக்கோம்' என்றார் சாவிக்காரர். மூன்று பூட்டு. அந்தச் சொல்லைத்தான் நீ அச்சடித்து அனுப்பினாய்.

மார்ச் கடிதத்தில் அடித்திருந்த வரியைக் கேட்டாயே. 'ஆனால் இது விளையாட்டுக்குச் சொன்னது, பத்திரம் உங்க கையில இருக்கான்னு கேளு, கையில என்ற சொல்லை விட்டுவிடாதே' என்று எழுதியிருந்தேன். எங்கள் கடிதம் எல்லாவற்றையும் சாவிக்காரர் படிப்பார். அந்த வரியை அடித்துவிட்டு விளையாட்டை மட்டும் உனக்கு அனுப்பியிருக்கிறார். நீயும் அதையே எடுத்துக்கொண்டாய்.

ஆம் போட்டதற்கு என்னைத் திட்டாதே. அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. இல்லை என்று போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் கேள்வியைப் படித்தால் அதற்கு ஆம் என்றுதானே பதில். பத்திரமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று போட்டால் தொலைந்துபோய்விட்டது என்று அர்த்தமாகும், அப்புறம் அதையே சாக்காக வைத்து உண்மையிலேயே தொலைத்துவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது. எல்லாருக்கும் அதே பயம்.

வெளிக்கதவையும் பூட்டித்தான் வைக்கிறார்கள். போன வருஷமே ஒப்பந்தம் முடிந்தவர்கள் இங்கே ஒன்பது பேர் இருக்கிறார்கள். கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார்கள். நீ அனுப்பிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு அந்த அலமாரிக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள்.

நான் பயப்படுகிறேன் தம்பி. உன்னிடம் இப்படி எழுதுவேன் என்று நினைக்கவில்லை. எனக்குப் பாப்பாவிடம் போக வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். உன்னால் முடிந்ததைச் செய். பதிலைக் கீழே இருக்கும் லாரிக்காரர் வீட்டு முகவரிக்கு எழுது.

அக்கா

---

ஜூலை 16

அன்புள்ள அக்கா,

நீ தைரியமாக இரு. இங்கே பாப்பா நலம், அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மார்ச்சில் அந்தக் கறுப்பு வரியைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சொல் விளையாட்டை ரசித்துக்கொண்டிருந்தேன். என் எழுத்துக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். சொந்த அக்காவை நானே கையெழுத்துப் போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

மறுநாளே மேலாளர் அம்மாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். 'நாற்பத்திமூணு பேரும் ஆமான்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒரே ஒரு கடிதத்தை வெச்சு இல்லைங்கறீங்க' என்றார்.

'எழுதினது எங்க அக்காம்மா.'

'அதனாலதான் இந்தக் கோப்பை இனிமே நீங்க தொடக் கூடாது. சொந்தக்காரங்க விஷயம்.'

கேள்வியே தப்பு, அதை எழுதினவன் நான்தான் என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். 'அதை வெளியில சொல்லாதீங்க. அதே கேள்வியைத்தான் இருபத்தாறு இடத்துக்கு அனுப்பியிருக்கோம்' என்றார். கெட்டவர் இல்லை அக்கா. குடிக்கத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

அந்த ஊர்த் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து, அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ காட்டிப் புகார் தர வேண்டுமாம். அதைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் புகாரே என்றேன். 'அப்ப நகல் கொண்டுவரச் சொல்லுங்க' என்றார்கள். நானே நேரில் வர விசா கேட்டேன். அழைப்புக் கடிதம் வேண்டுமாம், அதைத் தர வேண்டியவர் உன் முதலாளி. உன்னை அனுப்பிய ஏஜென்ட்டின் கடைக்குப் போனேன். இப்போது அங்கே கண்ணாடி விற்கிறார்கள்.

நான் சும்மா இருக்க மாட்டேன். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன். வேலை போனாலும் போகட்டும்.

உன் தம்பி

---

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லாவிட்டாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நலமாக இருக்கிறாயா? லாரிக்காரர் என் போன கடிதத்தைக் கொடுத்தாரா?

நல்ல செய்தி. தலைமை அலுவலகம் அசைந்துவிட்டது. நான் நாலு பக்கம் எழுதியிருந்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, அலமாரியைச் சொன்னேன், மூன்று பூட்டைச் சொன்னேன். ஐந்தாம் நாளே உத்தரவு வந்துவிட்டது. உன் பண்ணையிலிருந்து இனி ஒரு செடிகூட வாங்கக் கூடாது, உடனே நிறுத்து என்று. மேலாளர் அம்மாவே என் மேசைக்கு வந்து கைகொடுத்தார். 'நம்ம கம்பெனி இதையெல்லாம் பொறுத்துக்காது' என்றார்.

உன் முதலாளியின் சரக்கில் பாதிக்கு மேல் நாங்கள்தான் வாங்குகிறோம். வயிற்றில் அடித்தால்தான் இவர்களுக்கு வழி தெரியும். இனி அலறிப் புடைத்துக்கொண்டு அலமாரியைத் திறப்பார்கள், பார். டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பாப்பாவிடம் 'அம்மா வந்துடுவாங்க' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி

---

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். பாப்பா எப்படி இருக்கிறாள்? கால் வீக்கம் இருந்தால் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்.

உன் இரண்டு கடிதமும் இன்றைக்குத்தான் கிடைத்தன. லாரிக்காரருக்கு இது கடைசி நடை. ஏற்றிப் போகத் தொட்டி இல்லை, அதனால் அவரும் இனி வர மாட்டார்.

நீ எழுதிய நல்ல செய்தி எனக்கு முன்னால் முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களை வரிசையில் நிற்க வைத்து 'யாரு எழுதிப் போட்டது' என்று கேட்டார். உயரக்காரி, 'எங்களுக்குப் பேரு எழுதவே வராதுங்க' என்றாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கினவள் அவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக ஒரு நாள் சோறு போடவில்லை, அதை விடு.

குருவி ஸ்டிக்கரை எல்லாம் சுரண்டச் சொன்னார்கள். இரண்டு நாள் சுரண்டினோம். முளைத்து நின்ற நாற்றைத் தட்டோடு குப்பைக் குழியில் கொட்டச் சொன்னார்கள். அதையும் செய்தோம். அப்புறம் நேற்றுச் சொன்னார்கள், இந்தப் பண்ணைக்கு இனி வேலை இல்லை, எங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். நாளைக்கு வண்டி வருகிறது. எந்த ஊர், செடியா கல்லா மீனா, ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியையும் கூடவே ஏற்றுகிறார்கள். அது கீறிவிடாமல் இருக்க எங்கள் போர்வைகளை வாங்கிச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறதே என்று சாவிக்காரரிடம் கேட்டேன். 'அது பழைய முதலாளியோட போட்டதும்மா. புது முதலாளிக்குப் புது ஒப்பந்தம்' என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை. நான் ஏதோ கணக்குத் தெரியாமல் கேட்டுவிட்டதுபோல் அவர் நிதானமாக விளக்கினார்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது, ஒரு மணி நேரம். நீ எழுதாமல் இருந்திருந்தாலும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். எழுதியதால் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நீ இதை நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தால் உன் வீட்டுக்காரிதான் பாவம்.

பாப்பாவிடம் உண்மையைச் சொல்லாதே. செடியெல்லாம் பூக்கிற சமயம், லீவு தரவில்லை என்று சொல். கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும். வலி எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம், நன்றாகக் கத்தச் சொல். அவளைப் பெற்றபோது நான் போட்ட கூச்சலில் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். உள்ளே உன் வீட்டுக்காரியைக் கூட இருக்கச் சொல். கையைப் பிடித்துக்கொண்டால் போதும், எதுவும் பேச வேண்டாம்.

போகிற இடத்தில் தபால் உண்டா என்று தெரியாது. இருந்தால் எழுதுவேன்.

உன் அக்கா

---

செப்டம்பர் 29

அன்புள்ள அக்கா,

நலமா என்று எங்கே கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பாப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். நீ சொன்னபடியே கத்தினாள். அந்த மாடி முழுக்கக் கேட்டது. நடுவில் நர்ஸ் வெளியே வந்து, 'பொண்ணோட அம்மா யாரு, உள்ள வாங்க' என்றார். வராந்தாவில் இருந்த எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி எழுந்து போனாள். கையைப் பிடித்துக்கொண்டாளாம். பாப்பா கண்ணைத் திறக்காமலே, 'இது எங்கம்மா கை இல்ல' என்றாளாம். லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் பண்ணை முகவரிக்கு நான் எழுதியது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. லாரிக்காரருக்கு எழுதினேன். வண்டி ராத்திரியில் வந்து ஏற்றிப் போனதாகவும் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை என்றும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். தொழிலாளர் அலுவலகத்தில், மூடிவிட்ட பண்ணைமேல் புகார் வாங்குவதில்லை என்றார்கள். காணவில்லை என்று நம் ஊர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். 'எங்க காணாமப் போனாங்க' என்று கேட்டார்கள்.

இந்த வருஷத்து உறுதிமொழி அச்சாகி வந்துவிட்டது. 'எங்களுக்குச் சரக்கு தரும் எந்த இடத்திலும் கட்டாய வேலை இல்லை' என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. அதைத் தயாரித்தவர் என்று கீழே என் கையெழுத்து வேண்டும் என்றார் மேலாளர் அம்மா. நான் மூன்று தடவை படித்தேன். அதில் பொய் என்று சொல்ல ஒரு சொல் இல்லை அக்கா. நீ இப்போது எங்களுக்குச் சரக்கு தரவில்லை. பாப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனிக் காப்பீட்டில்தான் நடக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

உன் பண்ணைக்குப் பதிலாக ஆறு புது இடங்களிலிருந்து செடி வாங்கத் தொடங்கியிருக்கிறோம். ஏழாவது கேள்வியை மாற்ற விட்டார்கள். 'உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா?' என்றுதான் இப்போது கேட்கிறோம். தாள்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. எல்லாரும் போன பிறகு ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, வட்டம் போட்ட கை உன்னுடையதா என்று பார்க்கிறேன். நேற்று ஒரு தாளில் ஒரு பெண் 'இல்லை' என்று போட்டிருந்தாள். கட்டு முழுக்க அவள் ஒருத்திதான். உன் கை இல்லை, யாரோ ஒருத்தி. அந்தத் தாளை மேலே கொடுத்தால் அந்த இடத்திலும் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். கொடுக்காவிட்டால் அவள் அங்கேயே கிடப்பாள். இன்றைக்கு முழுக்க அதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது என்று நீ எழுது அக்கா.

உன் தம்பி